நாலு கைக்காரி

"குழாய எந்தப் பக்கம் திருப்பறது அண்ணி?"

ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு கோவிந்தராசு கேட்டான். பூவரச மரத்தின் கிளையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கயிற்றால் கட்டி, கடைசி முடிச்சைப் போடாமல் பிடித்திருந்தான். எந்தப் பக்கம் என்பது அவனுக்குத் தெரியும். அந்தோணிமுத்துவின் மைக் செட் கடையில் சேர்ந்தபோது அவனுக்கு மீசை அரும்பியிருக்கவில்லை. இப்போது அதில் பாதி நரைத்துவிட்டது. கல்யாண வீட்டில் குழாய் தெருவைப் பார்க்க வேண்டும். சாவு வீட்டில் வானத்தைப் பார்க்க வேண்டும். துக்கம் யார் காதிலும் நேராகப் போய் விழக் கூடாது, தானாக வந்து சேர வேண்டும் என்பது அந்தோணிமுத்துவின் கணக்கு. ஆனாலும் இன்று கேட்காமல் கட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

சலோமி வாசற்படியில் நின்று விரலை மேலே காட்டினாள்.

அவன் குழாயை நிமிர்த்தி முடிச்சைப் போட்டான். கீழே இறங்கி மைக்கைத் தட்டியதும் பந்தல் முழுக்க கீச்சென்று ஒரு சத்தம் கிழித்துக்கொண்டு போனது. நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். "அண்ணன் இருந்திருந்தா இந்நேரம் செருப்பு பறந்திருக்கும்டா" என்று யாரோ சொல்ல, சிலர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்கள். கோவிந்தராசு ஆம்ப்ளிஃபயரின் முன்னால் குந்தியபடியே முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

உள்ளே கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அந்தோணிமுத்து படுத்திருந்தார். முந்தின நாள் மத்தியானம் மத்தி மீன் குழம்பு ஊற்றி இரண்டாம் சோறும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஃபேனைக் கொஞ்சம் கூட்டச் சொல்லிவிட்டுப் படுத்தவர். சலோமி டீ போட்டுக்கொண்டு போய் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. முகத்தில் வலியின் அடையாளம் எதுவும் இல்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய சட்டைக் கழுத்து மட்டும் காற்றில் லேசாக ஆடியது. டீ தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

வந்தவர்கள் எல்லாரும் நல்ல சாவு என்றார்கள். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. இரவெல்லாம் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அழுகை வந்தது, போனது. அடியில் என்னவோ ஒரு அமைதி இருந்தது. சண்டை பாக்கி இல்லை, சொல்லாமல் விட்ட பேச்சு என்று எதுவும் இல்லை. அந்த அமைதியை மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டாள்.

ஒன்றே ஒன்றுதான் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. இன்று ஞாயிற்றுக்கிழமை.

செல்போனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மகன் ரொனால்ட். பாரிஸில் விமானம் ஏறி துபாயில் இறங்கியிருந்தான். பின்னால் ஏதோ அறிவிப்புகள் கேட்டன.

"அம்மா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்பா. நீ?"

"ம்." பின்னால் ஓர் அறிவிப்பு ஓடி முடிந்தது. "விடியகாலம் வந்துருவேன். சென்னையில கார் சொல்லியிருக்கு. நான் வந்த பெறவு எடுக்கச் சொல்லு."

"நீ வராம எடுப்பமா?"

"அம்மா, இன்னிக்குச் சாயங்காலம் கம்ப்யூட்டர்ல ஒங்க ப்ரோகிராம் இருக்குல்ல. இங்க நெட் இருக்கு. அந்த பெல்ஜியம் ஒதில் அம்மாவுக்கு நான் ஒரு வரி எழுதிப் போட்டுர்றேன். கேன்சல்னு."

"என்னன்னு எழுதுவே?"

"சலோமி வீட்ல ஒரு துக்கம்னு."

அவள் ஐஸ் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்தாள். உள்பக்கம் பனி படர்ந்து அவருடைய நெற்றியை மறைத்திருந்தது.

"வேணாம்பா. நான் பாத்துக்கறேன்."

"நீ என்னத்தப் பாப்பே? ஒனக்கு டைப்பே அடிக்கத் தெரியாது."

"நீ பத்திரமா வா."

ரொனால்டுதான் அதை ஆரம்பித்து வைத்தவன். பேத்தியின் முகத்தைப் பார்ப்பதற்கென்று கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் போட்டுக் கொடுத்தான். விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு நாள் பொழுது போகாமல் அந்த ஊரைத் திறந்து காட்டினான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஊர். கடல், தெரு, கடை எல்லாம் உண்டு. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் ஆளுக்கொரு பொம்மை செய்து அதில் நடமாட விடுகிறார்கள். ஓரிடத்தில் மேடை போட்டு ஒரு பொம்மை கிதார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் பதிவு செய்த குரல் இல்லை, யாரோ ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து இந்த நிமிஷம் பாடுகிறார் என்று ரொனால்ட் சொன்னான்.

அந்தோணிமுத்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மைக்க எங்கடா சொருகறது?"

அப்படித்தான் ஆரம்பித்தது. ரொனால்ட் திரும்பிப் போன பிறகு கடையில் கிடந்த சின்ன மிக்ஸரைத் தூக்கி வந்தார். வயர்களை வெட்டி ஒட்டி, கம்ப்யூட்டரின் பின்னால் சொருகி, ஒரு வாரம் புகை வராமல் பார்த்துக்கொண்டார். வெளிச்சத்தம் வராமல் சன்னலுக்கும் அறை வாசலுக்கும் சமுக்காளம் அடித்தார். சலோமியிடம் அக்கார்டியன் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் சொல்லிக் கொடுத்தது. கல்யாணத்துக்குப் பின்னும் கோயில் பாடற்குழுவில் விடாமல் வாசித்துப் பாடி வந்தாள். ஆனால் அவளுடைய வாசிப்பை அவர் உட்கார்ந்து கேட்டதே இல்லை. திருவிழா நாட்களில் அவர் எப்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் ஆம்ப்ளிஃபயரோடு இருந்தார்.

முதலில் கிடைத்த பொம்மை கால்சட்டை போட்டு, வயிறு தெரிய நின்றது.

"இவளா நானு?" என்று சலோமி ஒரு துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டுவிட்டாள். அவர் இரண்டு நாள் அலைந்து அந்த ஊர்க் கடையொன்றில் ஒரு சேலையைக் கண்டுபிடித்தார். முந்தானை வலது தோளில் கிடந்தது.

"என்ன கட்டுங்க இது?"

"வடநாட்டுக் கட்டு. வயிறு மூடியிருக்குல்ல, பேசாம இரு."

அதற்குப் பிறகு வாய்ப்புக் கேட்டு அலைந்தது. காலையில் இட்லி ஆனதும் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சேலை கட்டிய பொம்மையை மேடை மேடையாக நடத்திக் கூட்டிப் போவார். பிரஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த தகப்பனார் சொல்தா அகஸ்டின் வீட்டில் பேசிய பிரஞ்சில் எழுதிக் கேட்பார். அது வேண்டுகோள் வைப்பதைவிட உத்தரவு போடுவதற்கு ஏற்ற பிரஞ்சு. பலர் பதிலே சொல்லவில்லை. ஒருவர், இங்கே வேலைக்காரி தேவையில்லை என்று எழுதினாராம். அதை அவர் அவளிடம் வெகுநாள் கழித்துத்தான் சிரித்துக்கொண்டு சொன்னார். கடைசியில் பெல்ஜியத்திலிருந்து ஒதில் என்ற பெண், கடற்கரை ஓரமாக ஒரு காப்பிக் கடை வைத்திருந்தவள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசித்துப் பார்க்கச் சொன்னாள்.

சலோமியால் வாசித்துக்கொண்டே மவுஸைப் பிடித்து நகர்த்தவோ எழுதவோ முடியாது. கை இரண்டும் அக்கார்டியனில். ஆகவே பொம்மையை அசைப்பது, வந்தவர்களை வாங்க என்பது, பேசுவது எல்லாம் அவர் வேலையாயிற்று. இரண்டு நாற்காலி. அவள் வலது பக்கம், அவர் இடது பக்கம்.

முதல் நாள் முதல் பாட்டு முடிந்தது. திரையிலிருந்த பொம்மைகள் நட்ட கம்பம் மாதிரி நின்றன. கைதட்டல் இல்லை, ஒரு வரி இல்லை. முப்பது வருஷம் கூட்டங்களுக்கு மைக் போட்டவருக்கு, சத்தமில்லாத கூட்டம் என்றால் என்ன என்று தெரியும். முகம் வெளுத்துப்போய், "பர்தோன்" என்று தட்டிவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சரசரவென்று கைதட்டல் வந்து விழுந்தது. சிரிப்பும் வந்தது. அவள் வாசிப்பது அங்கே போய்ச் சேர அரை நிமிஷம் பிடிக்கும் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கவில்லை. பாட்டு பாதியில் போய்க்கொண்டிருக்கும்போதே பாடகி மன்னிப்புக் கேட்டதாகத்தான் அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து அதையே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முதலில் பர்தோன், பிறகு கைதட்டல்.

வாசித்துக்கொண்டே எப்படி இவ்வளவு வேகமாக எழுதுகிறாய் சலோமி என்று ஒரு நாள் யாரோ கேட்டார்கள். எனக்கு நாலு கை என்று அவர் எழுதினார். அன்று முதல் அங்கே அவளுக்கு அதுவே பேராகிவிட்டது.

"ஒங்க பேரையும் போடுங்களேன்" என்று அவள் இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"நோட்டீஸ்ல மைக் செட்காரன் பேர அடியில பொடி எழுத்துல போடுவான். அதயும் எவன் படிக்கறான்? பாடறவ பேருதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒதிலின் முழங்கால் ஆபரேஷன் எப்படி ஆயிற்று என்று விசாரித்து எழுதிக்கொண்டிருப்பார்.

அதுதான் முள். அந்த ஊரில் எல்லாரையும் அவருக்குத் தெரியும். அவரை ஒருவருக்கும் தெரியாது. சலோமி வீட்டில் துக்கம் என்று ரொனால்ட் எழுதினால், அவர்கள் சலோமிக்கு ஆறுதல் சொல்வார்கள். அவர்கள் நினைக்கிற சலோமி பெட்டிக்குள் படுத்திருந்தார். அடுத்த ஞாயிறு அவள் மட்டும் போய் வாசித்துவிட்டு ஊமையாக நின்றால், பாவம், துக்கத்தில் பேச்சு போய்விட்டது என்று நினைப்பார்கள். அவ்வளவுதான். இந்த ஊரில் யார் செத்தாலும் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிப் போனவர் அவர். நேற்று அவருக்காக கோவிந்தராசு போனான். நெரவி வழியாக திருமலைராயன்பட்டினம் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தான். பேர் வரும் இடத்தில் அவனுக்குக் குரல் கட்டி, ஒவ்வொரு தெருவிலும் அந்த ஒரு சொல் மட்டும் தேய்ந்து கேட்டதாம். இங்கே அவருடைய சாவு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அங்கே அவர் வாழ்ந்ததே தெரியாது.

சாயங்காலப் பூசைக்கு மணி அடித்தது. பந்தலில் இருந்தவர்கள் சேலையை நீவிக்கொண்டு எழுந்து, பெட்டியருகே ஒரு நிமிஷம் நின்று சிலுவை போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். பொழுது இறங்கும் நேரத்துக்கு வீடு ஏறக்குறைய காலியாகிவிட்டது. அந்தோணிமுத்துவின் அக்கா ஞானசௌந்தரி மட்டும் தலைமாட்டில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். கடல் காற்று மெழுகுவர்த்திகளைச் சாய்த்தது.

சலோமி எழுந்து கோவிந்தராசுவைக் கூப்பிட்டாள். "அந்த ரூம்ல சிஸ்டத்தப் போடணும்."

அவன் பதில் சொல்வதற்குள் ஞானசௌந்தரி திரும்பினாள்.

"என்னடி பேசறே? டிவிக்கே துணியப் போட்டு மூடி வச்சிருக்கு. எந்தம்பி இங்க கெடக்கான், நீ கச்சேரி பண்ணப் போறியா?"

"கச்சேரிக்கு இல்லக்கா. சாவு சொல்லணும்."

"யாருக்கு?"

"அவருக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

"எங்க?"

சலோமி அறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதுக்குள்ளயா? அதுல அந்தோணிக்கு யாரத் தெரியும்?"

"எல்லாரையும் தெரியும்க்கா. அவங்களுக்குத்தான் அவரத் தெரியாது."

ஞானசௌந்தரி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். ஜெபமாலையின் மணி ஒன்று அவள் விரல்களுக்கிடையில் நகராமல் நின்றது. 

"எங்க சின்ன மாமியா செத்ததுக்கு ஆள் விட்டுச் சொல்லலன்னு நெரவிக்காரங்க இன்னிவரைக்கும் எங்களோட பேச்சு வார்த்தை இல்ல. சாவு சொல்லாம விடக் கூடாது. சொல்லு." பிறகு குரலை உயர்த்தினாள். "ஆனா அந்தப் பொட்டியில டான்ஸு கீன்ஸுன்னு ஏதாச்சும் வந்துச்சு, நான் சும்மா இருக்க மாட்டேன்."

கோவிந்தராசு சமுக்காளத்தை ஒதுக்கி உள்ளே போனான். மிக்ஸரின் திருகுகளைத் தடவிப் பார்த்தான். "அண்ணன் இத எப்பவும் கொஞ்சம் கொறைச்சே வைப்பாரு. ஒங்க கொரலு ஏறினா ஒடையும்னு." அவனுக்கு வயர் தெரியும். டைப் அடிக்கத் தெரியாது. கடவுச்சொல்லைக் கம்ப்யூட்டரே நினைவில் வைத்திருந்தது. திரையில் முதலில் கடல் வந்தது. பிறகு மணல். பிறகு வலது தோளில் முந்தானையோடு அந்தப் பெண் வந்து நின்றாள்.

எல்லாரும் வந்திருந்தார்கள். ஒதில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நரி முகமும் வாலும் வைத்த ஹாலந்துக்காரர் ஒருவர், ஒரு வாரம்கூடத் தவறாதவர், வழக்கமான இடத்தில் இருந்தார். கிளி என்று பேர் வைத்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண் இருந்தாள். பிரான்சில், லியோனில் இருக்கிறாளாம், அங்கே தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சலோமியின் பொம்மை வந்து நின்றதும் கீழே வரிகள் சரசரவென்று ஏறின. அவர் வாராவாரம் படித்துச் சொன்ன பழக்கத்தில் சலோமி எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். ஏன் தாமதம் என்கிறார்கள். பர்தோன், பர்தோன் என்று கேட்கிறார்கள். நாலு கைக்காரி எங்கே என்கிறார்கள்.

அவள் தன் வலப்பக்க நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். இடப்பக்கத்து நாற்காலியில் கோவிந்தராசு உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஐஸ் பெட்டி மோட்டார் சத்தம் மைக்ல ஏறுது அண்ணி. வேணும்னா செத்த நேரம் அத நிறுத்திட்டு..."

"இருக்கட்டும். அது கேக்கட்டும்."

மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டாள். என்ன பேசுவது என்று காலையிலிருந்து யோசித்தவளுக்கு, வாயைத் திறந்ததும் அவர் ஆட்டோவில் சொல்லிப் போகும் அதே வார்த்தைகள் அதே இழுப்போடு வந்தன.

"காரைக்காலில், காலஞ்சென்ற சொல்தா அகஸ்டின் அவர்களின் குமாரரும், ஞானசௌந்தரியின் தம்பியும், சலோமியின் கணவரும், ரொனால்டின் தகப்பனாருமாகிய மைக் செட் அந்தோணிமுத்து அவர்கள், நேற்றுப் பிற்பகல் இறைவனில் இளைப்பாறினார். அன்னாரின் நல்லடக்கம் நாளைக் காலை நடைபெறும்."

கூடத்தில் ஜெபமாலை உருளும் சத்தம் நின்றது.

அறிவிப்பு அவ்வளவுதான். இதற்குப் பிறகு அவர் மைக்கை அணைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அவள் அணைக்கவில்லை.

"இவ்ளோ நாளா ஒங்களுக்கு எழுதுனது அவருதாங்க. நான் இல்ல. எனக்கு இதுல எழுதத் தெரியாது. மொத நாளு பயந்துபோயி பர்தோன் சொன்னாரே, அவருதான். ஒங்க முட்டிய விசாரிச்சதும் அவருதான். நாலு கையில ரெண்டு கை அவருது. பேரப் போட்டுக்கச் சொன்னேன், வேணாம்னுட்டாரு. அதான் நான் சொல்றேன்."

மைக்கை விட்டு முகத்தை விலக்கினாள்.

அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. திரையில் வரிகள் வந்துகொண்டே இருந்தன. ஒதில் என்னமோ வேடிக்கையாக எழுத, நரி முகத்துக்காரர் வாலை ஆட்டிச் சிரித்தார். நாலு கையும் தூங்குகிறதா என்று யாரோ கேட்டார்கள். சலோமி அவசரப்படவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் சிரிப்பதைப் பார்த்திருந்தாள்.

பிறகு வரிகள் நின்றன.

கிளியின் பேருக்குப் பக்கத்தில் ஒரு வரி வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். கோவிந்தராசு குனிந்து ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துப் படித்தான்.

"இவைய... ளுக்கு நான் சொல்... லுறன் அக்கா."

அதற்குக் கீழே அவள் பிரஞ்சில் எழுத ஆரம்பித்தாள். நீளமாக எழுதினாள். நடுவில் அந்தோணிமுத்து என்ற பேர் மட்டும் அவர்களுக்குத் தெரிந்தது. எழுதி முடித்த பிறகும் ஒருவரும் அசையவில்லை. ஒதிலின் பொம்மை எழுந்து நின்றது. அதைப் பார்த்து மற்றவையும் எழுந்தன. நரி முகமும் எழுந்தது.

அறை வாசலில் ஞானசௌந்தரி வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள்.

"இவங்கதானா?"

"ம்."

"எந்த ஊரு?"

"பல ஊருக்காரங்கக்கா."

"அது என்ன மூஞ்சி?"

"அவரு அப்படித்தான் வச்சிருக்காரு. நல்ல மனுசன். ஹாலந்துல பஸ் ஓட்டறாராம். இவருதான் விசாரிச்சுச் சொன்னாரு."

ஞானசௌந்தரி தலையை ஆட்டினாள். திரையில் எழுந்து நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவளுக்கு என்னமோ பொறுக்கவில்லை.

"இப்படி நிக்க வச்சிருக்கியே. அவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்காங்க. ஒரு காப்பித்தண்ணி குடுக்கறதுக்கும் வழியில்ல."

சலோமி அவளைப் பார்த்தாள்.

"ஏதாச்சும் வாசி. சும்மா அனுப்பாத" என்றாள் ஞானசௌந்தரி. "மெதுவா வாசி."

அக்கார்டியன் கட்டிலடியில் இருந்தது. கோவிந்தராசு எடுத்துக் கொடுத்தான். வாரைத் தோளில் மாட்டியபோது நேற்றிலிருந்து சாப்பாடு சரியாக இல்லாத உடம்பு அந்தக் கனத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தது. அவள் பாடவில்லை. கோயிலில் நற்கருணை வாங்கப் போகிறவர்களுக்காக வாசிக்கும் மெட்டு, வார்த்தை இல்லாமலேயே நடந்து போகும் ஒரு மெட்டு. அதை வாசித்தாள். துருத்தி விரியும்போது கூடத்து மோட்டாரின் ரீங்காரம் அதோடு சேர்ந்துகொண்டு கீழ் சுருதி மாதிரி நின்றது. இரண்டு இடத்தில் விரல் தவறியது. பரவாயில்லை என்று இருந்தது. அவள் இதுவரை வாசித்ததில் இதுதான் நன்றாக இருந்ததோ என்னவோ. இடது பக்கத்திலிருந்து தட்டச்சுச் சத்தம் வராத வாசிப்பு அவளுக்குப் புதிது.

முடித்தாள். காத்திருந்தாள். அரை நிமிஷம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று.

ஒருவரும் கைதட்டவில்லை.

ஹாலந்துக்காரர் இருந்த இடம் முதலில் வெறுமையானது. பிறகு பின்வரிசையில் இரண்டு பேர். மற்ற ஞாயிறுகளில் கிளம்பும் நேரத்தில்தான் அதிகம் எழுதுவார்கள். ஆளாளுக்கு நன்றி, வருகிறேன், அடுத்த வாரம் பார்ப்போம் என்று திரை நிறைந்துவிடும். அந்தோணிமுத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும். இன்று ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொருவராக மணலிலிருந்து மறைந்தார்கள். கிளி போனாள். ஒதில் கடைசி வரை நின்றிருந்துவிட்டு அவளும் போனாள்.

"சொல்லிக்காமப் போறாங்க பாரு" என்றாள் ஞானசௌந்தரி. "சாவு வீட்டுக்கு வந்து போகத் தெரிஞ்சவங்க."

அது கிளி சொல்லிக் கொடுத்ததா, சொல்ல ஒன்றும் இல்லாமல் போனார்களா என்று சலோமிக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் இருக்கவில்லை. தொண்டையில் எச்சில் தடையில்லாமல் இறங்கியது.

வெளியே பூசை முடிந்து ஆட்கள் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ பந்தலில் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். கோவிந்தராசு மிக்ஸரின் திருகுகளை ஒவ்வொன்றாக இறக்கினான்.

திரையில் அந்தப் பெண் மட்டும் நின்றிருந்தாள்.

"ஏன்டி, இவள மட்டும் நிக்க வச்சிருக்கே? எவ்ளோ நேரமா நிக்கறா. ஒக்காரச் சொல்லேன்."

"எனக்கு ஒக்கார வைக்கத் தெரியாதுக்கா. அவருதான் வைப்பாரு."

ஞானசௌந்தரி கூடத்துக்குப் போனாள். நின்றிருந்த ஜெபமாலையை விட்ட இடத்திலிருந்து அவள் சொல்லத் தொடங்குவது கேட்டது.

சலோமி அக்கார்டியனைக் கழற்றிக் கீழே வைத்தாள். உடம்பைச் சாய்த்து, இடது பக்கத்து மேசையில் விசைப்பலகையின் ஓரத்தில் அம்புக்குறி போட்டிருந்த பொத்தானை ஒரு விரலால் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். அந்தப் பெண் காலை எடுத்து வைத்தாள். காலி நாற்காலிகளைத் தாண்டினாள். ஒதிலின் காப்பிக் கடையைத் தாண்டி, தண்ணீரை ஒட்டிய ஈர மணலில் நடந்தாள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சலோமி பார்த்ததில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல், அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.